எங்கள் உழைப்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திறந்த மூல மென்பொருளின் மேல், அதாவது நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடும் மென்பொருளின் மேல், நிறுவனம் கட்டி, பெரிதாக வளர்ந்த பிறகு அதன் உரிமத்தை (பயன்படுத்தும் நிபந்தனைகளை) மாற்றிய நிறுவனர்களுக்கும், இயக்குநர் குழுவினருக்கும், அந்த நிறுவனங்களில் பணம் போட்ட முதலீட்டாளர்களுக்கும்:

உங்களில் ஒரு நிறுவனத்தின் மென்பொருளை நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியும் திருத்தியும் வந்திருக்கிறேன். அதன் உரிமத்தை மாற்றிவிட்டீர்கள். இனி வரும் பதிப்புகள் திறந்த மூலம் கிடையாது. மூலநிரலைப் பார்க்கலாம், படிக்கலாம். உங்கள் வியாபாரத்துக்குப் போட்டியான எதற்கும் பயன்படுத்தக் கூடாது. எது போட்டி என்பதை உங்கள் வழக்கறிஞர்கள் முடிவு செய்வார்கள். அறிவிப்பு வந்து சில வாரங்களில், நான் வேலை செய்யும் சிறிய நிறுவனத்துக்கு உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எத்தனை சர்வரில் ஓடுகிறது, எந்தப் பதிப்பு, வாடிக்கையாளருக்குச் சேவையாகக் கொடுக்கிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். எங்கள் அலுவலகத்தில் அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்வது நான் என்பதால், பதில் எழுதும் வேலையும் என்னிடமே வந்தது.

அந்த மென்பொருளுக்குள் என் நிரலும் இருக்கிறது. தமிழில் ‘கொ’ என்ற எழுத்தை எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுத்தரமான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. அதனால் ‘கொடுமுடி’ என்று தேடினால் சில பதிவுகள் வரும், சில வராது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும்படி திருத்தி அனுப்பினேன். சோதனைகள் எழுதினேன், மலையாளத்திலும் வங்காளத்திலும் இதே சிக்கல் இருப்பதைக் காட்டினேன், புதிதாக வருபவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். சம்பளம் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நான் கொடுத்தபோது இருந்த நிபந்தனை ஒன்றுதான்: இதை எடுத்து மாற்றி வெளியிடுபவர், தம் மாற்றத்தையும் எல்லோருக்கும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். அதை முறித்தது நீங்கள்.

நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. ஒரு நிறுவனத்தோடு முடிகிற விஷயமாக இது இருந்தால் அவர்களுக்கு மட்டும் எழுதியிருப்பேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்கள் அலுவலகங்களில் பொறுப்பான இடங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலில் அவர்கள் படிக்கட்டும். அப்புறம் உங்களுக்கு வாசித்துச் சொல்லட்டும்.

உரிம மாற்றத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் உங்கள் தரப்பிலிருந்து எனக்கு ஒரே பதில்தான் கிடைத்தது. பகிர்ந்து எழுதுவது என்பது இந்தத் தொழிலின் இளமைக்கால லட்சியம், கோடிக்கணக்கில் பணம் புழங்கும் இடத்தில் அது தாங்காது, தொழில் முதிர்ந்துவிட்டது. லட்சியம் என்று சொல்லி அதைப் பூஜையறையில் மாட்டிவிடாதீர்கள். நீங்கள் விற்கும் பொருள் அந்த வழியில்தான் உருவானது. அது எப்படி வேலை செய்தது என்பதற்கு ஆரம்ப நாளிலிருந்தே சான்று இருக்கிறது.

1961-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் எம்.ஐ.டி.க்கு ஒரு பி.டி.பி-1 கணினியை நன்கொடையாகக் கொடுத்தது. சந்தையில் அதன் விலை சுமார் 1,20,000 டாலர். அங்கிருந்த மாதிரி ரயில் கழகத்துப் பையன்களும் அவர்களுடைய நண்பர்களும் ராத்திரி நேரங்களில் அதன்முன் உட்கார்ந்தார்கள். ஸ்டீவ் ரஸ்ஸல் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டை எழுத ஆரம்பித்தார். கப்பல்களைத் திருப்ப சைன், கொசைன் கணக்கிடும் நிரல் வேண்டியிருந்தது. ஆலன் கோடோக் அந்த டிஜிட்டல் நிறுவனத்துக்கே போய் அதை வாங்கிவந்து கையில் கொடுத்தார். 1962-ல் விளையாட்டு ஓடியது. வானம் என்று சும்மா இறைத்துவிட்டிருந்த புள்ளிகள் பீட்டர் சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. உண்மையான விண்மீன்கள் அவற்றுக்குரிய இடத்தில் தெரியும்படி ஒரு நிரல் எழுதிச் சேர்த்தார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஒரு சூரியனை வைத்து ஈர்ப்புவிசையைக் கொண்டுவந்தார். மாட்டிக்கொண்ட கப்பல் சட்டென மறைந்து வேறிடத்தில் தோன்றும் வசதி மார்ட்டின் கிரேட்ஸ் சேர்த்தது. விளையாட ஏற்ற கைப்பிடிப் பெட்டிகளைக் கோடோக்கும் பாப் சாண்டர்ஸும் செய்தார்கள்.

இதில் யாரும் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. காகித நாடாவில் துளையிட்ட நிரல். வேண்டியவர் பிரதி எடுத்துக்கொண்டு போனார். பி.டி.பி-1 இருந்த மற்ற இடங்களுக்கும் அது பரவியது. கணினி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க டிஜிட்டல் நிறுவனமே அந்த விளையாட்டை ஓட்டிப் பார்த்தது. அப்போது விற்கச் சந்தை இல்லை, அதனால்தான் பகிர்ந்தார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஓரளவு உண்மை. ஆனால் பகிர்ந்ததால்தான் அது அத்தனை சீக்கிரம் அத்தனை நன்றாக ஆனது என்பதும் உண்மை. சாம்சனின் வானத்தை ரஸ்ஸல் எழுதியிருக்க முடியாது, எழுதும் ஆர்வமும் அவருக்கு இருந்திருக்காது.

காசு 1971-ல் வந்தது. நோலன் புஷ்னெல்லும் டெட் டாப்னியும் அதே எண்ணத்தை வைத்து ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ என்ற காசு போட்டு ஆடும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு அட்டாரி நிறுவனம் பிறந்தது. அவர்கள் மேல் எனக்கு மனக்குறை கிடையாது. பழைய நாடாவை யாரும் பூட்டிவைக்கவில்லை. ஸ்பேஸ்வாரை எடுத்து மாற்றும் உரிமை எவரிடமிருந்தும் போகவில்லை. பணம் பண்ணுவது ஒன்று, பொதுவில் இருந்ததை மூடுவது இன்னொன்று. என் மனுவை இந்த இரண்டாவதைப் பற்றியது என்று வாசியுங்கள்.

பேசிக் மொழியின் கதையில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் 1964-ல் டார்ட்மத் கல்லூரியில் அதை உருவாக்கினார்கள். கணிதம், அறிவியல் படிக்காத மாணவரும் கணினியில் உட்கார்ந்து நிரல் எழுத வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். மொழியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள விட்டார்கள். அதனால்தான் 1975-ல் ஆல்டேர் என்ற சின்னக் கணினி வெளிவந்தபோது பில் கேட்ஸும் பால் ஆலனும் அதற்கு ஒரு பேசிக் எழுத முடிந்தது. அதை எழுத அவர்கள் பயன்படுத்தியது ஹார்வர்டில் இருந்த பி.டி.பி-10, அமெரிக்க அரசின் ராணுவ ஆய்வுப் பணத்தில் ஓடிய கணினி. கலிஃபோர்னியாவில் ஹோம்ப்ரூ கணினிக் கழகத்து ஆட்களிடம் அந்த பேசிக்கின் காகித நாடா கிடைத்தது, வழக்கம்போலப் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டார்கள். 1976 பிப்ரவரி 3 தேதியிட்டு கேட்ஸ் பொழுதுபோக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே பேசிக்கை விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்கள், மற்றவர்கள் திருடுகிறார்கள் என்றார். தாங்கள் செலவழித்த கணினி நேரத்தின் மதிப்பு 40,000 டாலருக்கு மேல் என்றும், தங்கள் உழைப்புக்குக் கிடைத்த கூலி மணிக்கு 2 டாலருக்கும் குறைவு என்றும் கணக்குச் சொன்னார்.

அப்போது அவருக்கு வயது 20. கேட்ட கேள்வி நியாயமானது: எழுதுகிறவனுக்கு யார் கூலி கொடுப்பது? அந்தக் கேள்வியை நானும் மதிக்கிறேன். பேசிக்கை இலவசமாகக் கொடுத்த டார்ட்மத் பற்றி அவர் பேசாமல் விட்டது சரியில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் தன் பொருளுக்கு ஆரம்பத்திலேயே விலை சொல்லிவிட்டார். இலவசம் என்று கூப்பிட்டு, வந்தவர்களிடம் வேலை வாங்கி, பிறகு விலை சொல்லவில்லை. உங்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு அதுதான். நேர்மை என்று பார்த்தால் 1976-ன் கேட்ஸ் உங்களைவிட மேல் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த மடல் வருவதற்கு முன்பே பேசிக்கைச் சுருக்கி ‘டைனி பேசிக்’ என்று எழுதும் முயற்சி தொடங்கியிருந்தது. நிரல்களைப் பத்திரிகையிலேயே முழுதாக அச்சிட்டார்கள். டாம் பிட்மன் தன்னுடையதை 5 டாலருக்கு விற்றார். கட்டுப்படியாகும் விலை வைத்தால் ஜனங்கள் வாங்குவார்கள் என்று காட்டினார். இலவசமா, விலையா என்ற இரண்டைத் தவிர வேறு வழிகளும் அன்றே இருந்தன.

நீங்கள் இன்று செய்வதற்கு மிக நெருக்கமான சம்பவம் 1980-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் நடந்தது. கடவுச்சொல்கூட வைக்காமல் கணினியைப் பகிர்ந்துகொண்ட கூட்டம் அது. ரிச்சர்ட் கிரீன்பிளாட், டாம் நைட் போன்றவர்கள் அங்கே லிஸ்ப் என்ற நிரல் மொழிக்கென்றே வடிவமைத்த லிஸ்ப் இயந்திரம் என்ற கணினியை உருவாக்கினார்கள். அதை விற்க இரண்டு நிறுவனங்கள் கிளம்பின. ஒன்று கிரீன்பிளாட்டின் எல்.எம்.ஐ., இன்னொன்று சிம்பாலிக்ஸ். சிம்பாலிக்ஸ் ஆய்வகத்தின் நிரலாளர்களில் பெரும்பாலோரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. பிறகு 1982-ல், தாங்கள் செய்யும் மேம்பாடுகளை ஆய்வகம் பயன்படுத்தலாம், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றது. பார்க்கலாம், கொடுக்கக் கூடாது. உங்கள் புதிய உரிமத்தைப் படித்தபோது எனக்கு இந்த நிபந்தனைதான் ஞாபகம் வந்தது. ஆய்வகத்திலேயே இருந்துவிட்ட ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 கடைசி வரை சிம்பாலிக்ஸின் மேம்பாடுகளுக்கு ஈடானதைத் தனியாக எழுதி எழுதி எல்.எம்.ஐ.க்குக் கிடைக்கச் செய்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் எல்லோரும் பகிரக்கூடிய ஒரு இயங்குதளத்தை எழுதும் ஜி.என்.யூ. திட்டத்தை அறிவித்தார். மாற்றி வெளியிடுபவர் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்று சொல்லி 1989-ல் வந்த ஜி.பி.எல். உரிமம் அந்தக் காயத்திலிருந்து பிறந்தது. இரண்டு நிறுவனங்களுமே நிலைக்கவில்லை. அந்த ஆய்வகத்துக் கூட்டமும் மறுபடி கூடவில்லை.

ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் அதன் ஆறாம் பதிப்பின் மூலநிரலை வரிவரியாக விளக்கி மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதினார். 1979-ல் வந்த ஏழாம் பதிப்போடு ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் மூலநிரலை வகுப்பில் கற்பிக்கத் தடை போட்டது. உலகம் முழுக்க மாணவர்கள் அந்தக் குறிப்பை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்துப் படித்தார்கள். வகுப்பில் காட்ட ஒரு இயங்குதளம் வேண்டுமே என்று ஆண்ட்ரூ டானன்பாம் 1987-ல் மினிக்ஸ் எழுதினார். அதைக் கற்றுக்கொண்டிருந்த ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை அறிவித்தார். இன்று உங்கள் பொருள்கள் எல்லாம் அதன் மேல்தான் ஓடுகின்றன.

நான் இந்த வரிசையில் எங்கே வருகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென் தமிழ்நாட்டில் ஒரு சிறிய பொறியியல் கல்லூரியில் படித்தவன் நான். ஆய்வகத்தில் இணையம் பெயருக்குத்தான் இருந்தது. பிசிக்யூஸ்ட் பத்திரிகையோடு வரும் லினக்ஸ் குறுந்தகட்டைக் கைமாற்றிக் கைமாற்றி நிறுவினோம். பிறகு உபுண்டு குறுந்தகடு தபாலில் இலவசமாக வீட்டுக்கே வந்தது. உண்மையான நிரல் எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டியது என் பாடப்புத்தகம் இல்லை, அந்தத் தகட்டில் இருந்த மூலநிரல். சென்னைக்கு வந்த பிறகு லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்களுக்குப் போனேன். பெரிய நிறுவனத்தில் இருப்பவரும், வேலை தேடிக்கொண்டிருப்பவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிழையைத் தேடுவார்கள். எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்டதில்லை. நிரல் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

எங்கள் மொழிக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலோ, கணினியில் குரோமிலோ, ஃபயர்பாக்ஸிலோ இந்த மடலைப் படிக்கிறீர்கள் என்றால், கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வைத்து எழுத்தைக் கோர்ப்பது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற (திறந்த மூல) மென்பொருள். மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் சந்தை என்று பார்த்தால் தமிழுக்கு வரிசையில் கடைசி இடம்தான் கிடைத்திருக்கும். நிரல் திறந்திருந்ததால் எங்களுக்கு வேண்டியதை நாங்களே செய்துகொள்ள முடிந்தது. கதவை மூடும்போது முதலில் வெளியே நிற்பது இப்படிப்பட்ட மொழிகளும், கல்லூரிகளும், ஊர்களும்தான்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும்: அமேசான். நாங்கள் எழுதுகிறோம், அவர்கள் எடுத்து கிளவுடில் சேவையாக விற்கிறார்கள், எங்களுக்குப் பைசா வருவதில்லை. இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வலை வழியாகச் சேவை தருபவரும் தன் மாற்றங்களைப் பகிர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஏ.ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு 2007-லேயே வந்துவிட்டது. உங்களில் பெரும்பாலோர் அதைத் தொடவில்லை. மாற்றங்களைத் திருப்பிக் கேட்காத தளர்வான உரிமம் வைத்தால் வேகமாகப் பரவும், பெரிய நிறுவனங்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளும் என்பதே கணக்கு. பரவியது. அந்தப் பரவலைக் காட்டித்தான் முதலீடு வாங்கினீர்கள். மோங்கோடிபி என்ற தரவுத்தளம் ஏ.ஜி.பி.எல். உரிமத்தில்தான் இருந்தது, அதுவும் போதாது என்று 2018-ல் மாற்றிக்கொண்டது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை நடத்தும் எலாஸ்டிக் நிறுவனம் 2018-ல், அப்பாச்சி என்ற தளர்வான உரிமத்தில் இருந்த தன் நிரல்களின் உரிமத்தை ஒருபோதும் மாற்றப் போவதில்லை என்று வாக்குக் கொடுத்தது. 2021 ஜனவரியில் மாற்றியது. ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் மையப் பகுதி என்றைக்கும் பி.எஸ்.டி. என்ற தளர்வான உரிமத்தில்தான் இருக்கும் என்று அதே 2018-ல் சொல்லப்பட்டது. 2024 மார்ச்சில் அதுவும் போயிற்று. ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்மின் உரிமத்தை மாற்றியது. அடுத்த வசந்தத்தில் ஐ.பி.எம். அந்த நிறுவனத்தை 640 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது.

இதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். எலாஸ்டிக்சர்ச்சின் கடைசித் திறந்த பதிப்பிலிருந்து ஓப்பன்சர்ச் என்ற தனிக் கிளை பிரிந்தது. டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு, ரெடிஸிலிருந்து வால்கி. மூன்றும் கடைசியில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற பொது அமைப்பிடம் போய்ச் சேர்ந்தன. நீங்கள் யாரைத் தடுக்க நினைத்தீர்களோ அந்த அமேசானுக்கு ஓப்பன்சர்ச்சை நடத்த ஆள்பலம் இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு கிளைகளில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல், ராத்திரி பகலாக சர்வர்களை மாற்றும் வேலை மிச்சம். எலாஸ்டிக் 2024-லும் ரெடிஸ் 2025-லும் ஏ.ஜி.பி.எல். உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்துக்கொண்டன. திரும்பி வந்ததை வரவேற்கிறேன். அந்த வழி முதலிலிருந்தே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இப்போது என் கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். முதல் திருத்தத்தை அனுப்பியபோது ஒரு பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டால்தான் ஏற்போம் என்றீர்கள். எதற்கு என்று கேட்டேன். நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் திட்டத்தைக் காப்பாற்ற, வெறும் சம்பிரதாயம் என்று உங்கள் ஊழியர் எழுதினார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தில்தான் என் நிரலை எந்த உரிமத்திலும் வெளியிடும் அதிகாரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால், பங்களித்த ஒவ்வொருவரையும் கேட்காமல் உங்களால் உரிமத்தை மாற்றியிருக்க முடியாது. ஊர் கூடி வெட்டிய கண்மாய்க்கு ஒருவர் மட்டும் தன் பெயரில் பட்டா வாங்கி வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இப்படி எந்தத் தாளும் கிடையாது. 2004 முதல் அங்கே ஒரு சான்றுறுதி வரி போதும்: இது என் நிரல், இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று. பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடப்பதால் டோர்வால்ட்ஸே நினைத்தாலும் தனியாக உரிமத்தை மாற்ற முடியாது. அதனால் கெர்னலை வைத்துத் தொழில் செய்பவர்கள் யாரும் நொடித்துப் போகவில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாமல் இத்தனை காலம் நன்றாக வாழ்கிறது. அதை வைத்துச் சம்பாதிக்கும் பல நிறுவனங்கள் அதன் நிரலாளர்களுக்குச் சம்பளம் தருகின்றன.

ஆக, பணமும் பகிர்வும் சேர்ந்து இருக்கவே முடியாது என்ற உங்கள் வாதத்தை நான் ஏற்க மாட்டேன். இருக்க முடிந்த இடங்கள் கண்முன்னால் இருக்கின்றன.

நீங்கள் பொதுவிலிருந்து எடுப்பதற்கு எவ்வளவு திருப்பித் தருகிறீர்கள் என்பதும் இதே கணக்கில்தான் வரும். 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோதுதான், இணையத்தில் போகும் தகவல்களை மறையாக்கிக் காத்துக்கொண்டிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் அளவில்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம். மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் நூலகம் அது, தரவைச் சுருக்குவது அதன் வேலை. களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளருக்கு உதவுகிற மாதிரி நெருங்கி, நம்பிக்கை பெற்று, யாரோ உள்ளே பின்வாசல் வைத்துவிட்டார்கள். தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃப்ரெய்ண்ட் என்ற ஒரு நிரலாளரால் உலகம் தப்பியது. அந்த நூலகம் உங்கள் பொருள்கள் ஓடும் கணினிகளிலும் இருந்தது. அந்தப் பராமரிப்பாளருக்கு உங்களில் யார் சம்பளம் கொடுத்தீர்கள்?

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

முதலில், பங்களிப்பாளர் ஒப்பந்தத்தை நிறுத்துங்கள். கெர்னலில் உள்ளதுபோல சான்றுறுதி வரியை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உரிமம் தளர்வானது என்றால், மூடுவதற்கு உங்களுக்கு ஒப்பந்தம்கூடத் தேவையில்லை. அப்படியானால் திட்டத்தையும் அதன் வணிகப் பெயரையும் ஒரு நடுநிலை அறக்கட்டளையிடம் ஒப்படையுங்கள். பல சர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸை கூகுள் 2015-ல் அப்படிக் கொடுத்தது. கொடுத்த பிறகும் அதை வைத்துத் தொழில் செய்கிறது. இரண்டும் முடியாது என்றால், வருங்காலத்தில் உரிமத்தை மாற்றும் அதிகாரத்தை நாங்கள் வைத்திருக்கிறோம் என்று திட்டத்தின் முதல் பக்கத்தில், பதிவிறக்கும் சுட்டிக்குப் பக்கத்தில், சாதாரண மொழியில் எழுதுங்கள். பங்களிக்க வரும் மாணவர் அதைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

உரிமத்தை மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தால் ஒரு வருடம் முன்னதாகச் சொல்லுங்கள். கடைசித் திறந்த பதிப்புக்கு அந்த ஒரு வருடமும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய உரிமத்திலேயே கொடுங்கள். பழைய பதிப்பிலேயே இருப்பவர்களுக்கு விற்பனைப் பிரிவிலிருந்து மிரட்டல் தொனியில் மின்னஞ்சல் அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். அவர்கள் உங்கள் பழைய உரிமத்தின்படியே நடக்கிறார்கள்.

முதலீட்டாளர்களே, பயனர் எண்ணிக்கையைக் கேட்கும் அதே கூட்டத்தில், இந்த மென்பொருளை எழுதியவர்களில் எத்தனை பேர் நிறுவனத்துக்கு வெளியே இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள். பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நிறுவனத்தின் பொருள் எந்தெந்தக் கட்டற்ற நூலகங்களின் மேல் நிற்கிறது, அவற்றைப் பராமரிப்பவர்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு போகிறது என்பதை ஆண்டறிக்கையில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

பெயர் சொல்லாமல் விட்ட நிறுவனத்துக்குத் தனியாக ஒன்று. வெளியிலிருந்து வந்த பங்களிப்புகள் அடங்கிய பகுதிகளைப் பிரித்து, நீங்கள் பிறகு செய்த திருத்தங்களோடு, பழைய உரிமத்தில் மறுபடி வெளியிடுங்கள். இந்திய மொழித் தேடலுக்கான பகுதியிலிருந்து தொடங்கலாம். அது சிறியது, தனியாகவே இயங்கும், பிரித்தெடுக்கும் வேலைக்கு நானே வருகிறேன். பதிலை எனக்குத் தனி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். பங்களித்த அத்தனை பேரும் படிக்கும்படி, உரிம மாற்றத்தை அறிவித்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளுக்கு நிரல் கொடுத்தவர்களில் ஒருவன்
சென்னை